முதல் கையெழுத்து

அன்பழகன் வீட்டில் எதைத் தொடங்கினாலும் குழலியின் கை படாமல் தொடங்கியதில்லை. கன்னிப்பெண் கை என்றால் எல்லா வீட்டிலும் ஒரு மதிப்பு உண்டு. அந்த வீட்டில் அது சட்டம். முருங்கைக் கொம்பு நட வேண்டுமா, கூப்பிடு குழலியை. புது அடுப்பில் பால் காய்ச்ச வேண்டுமா, கூப்பிடு குழலியை. தேங்காய்த்திட்டு ஐஸ் கம்பெனியில் அன்பழகன் வேலைக்குச் சேர்ந்த அன்று, தண்ணீர்க் குடத்தோடு தெருமுனையில் எதிரே வரச் சொல்லி அவளை நிறுத்திவிட்டுத்தான் புறப்பட்டான். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று முனகிக்கொண்டே நின்றாள் அவள்.

மில் தொழிலாளியான அப்பா, சங்கத்துக்காரர், பிள்ளைகளுக்கு நல்ல தமிழ்ப் பெயராகப் பார்த்து வைத்தார். பெயரை வைத்ததோடு சரி, வளர்த்து முடிக்கும் முன் போய்ச் சேர்ந்தார். அம்மாவும் பின்னாலேயே போனாள். அப்புறம் கார்குழலிக்கு அண்ணன்தான் எல்லாம், அண்ணி மாலாதான் எல்லாம். படிக்க வைத்தார்கள். பரீட்சை எழுதி அரசாங்க ஆபீசில் கிளார்க் வேலைக்கும் போய்விட்டாள்.

அவள் வேலைக்குப் போன மறு வருஷம், முதலியார்பேட்டையில் அப்பா விட்டுப்போன மனையில் வீடு கட்ட அன்பழகன் கடன் கேட்டுப் போனான். ஐஸ் கம்பெனிச் சம்பளம் பாதி பேங்க்கில் விழும், மீதிக்கு வவுச்சரில் கையெழுத்து. அதை நம்பி யாரும் கடன் தருவதாக இல்லை. மாலாவுக்கு அப்போது தினக்கூலி. ஆக, குழலியின் சம்பளச் சீட்டுதான் கடனை வாங்கித் தந்தது. யார் பெயரை முதலில் போடுவது என்று கடன் கம்பெனிப் பையன் கேட்டான். எப்படிப் போட்டாலும் ஒன்றுதான் என்றும் அவனே சொன்னான். அன்பழகன் யோசிக்கவேயில்லை.

"எந் தங்கச்சி பேரையே போடு தம்பி. அவ கைராசி. தொட்டா விளங்கும்."

கிழக்கு பார்த்து உட்கார்ந்து குழலி முதல் கையெழுத்துப் போட்டாள். இரண்டாவதாக அன்பழகன் போட்டான். வீடும் விளங்கத்தான் செய்தது. வெளிப்பூச்சு மட்டும் நின்றுபோய், செங்கல் தெரிய நின்றது. தவணையை ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினான். அதற்காகத் தங்கையிடம் ஒருநாளும் கை நீட்டியதில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இரண்டாயிரத்து எட்டு வைகாசியில் குழலிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பாரதி, லாஸ்பேட்டையில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் லேப் டெக்னீஷியன். தலைத்தீபாவளிக்கு வந்து வடையும் சுழியமும் வஞ்சிரக் குழம்புமாகச் சாப்பிட்டு, மச்சான் வீட்டுக் கூரைமேல் ஏறி ஆன்டெனாவைக்கூடத் திருப்பி வைத்துவிட்டுப் போனான். அப்படிக் கலகலப்பான மனுஷன்.

கார்த்திகை மழையில் எல்லாம் மாறிப்போயிற்று.

அந்த வாரம் முழுக்கக் கடலுக்குப் படகு போகவில்லை. ஐஸ் கேட்க ஆளில்லை. உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் வரிசையாக இறக்கியிருக்கும் தகர டப்பாக்களைக் கொக்கியால் தூக்கி, பச்சைத் தண்ணீரில் முக்கிச் சாய்த்தால், ஐஸ் பார் வழுக்கிக்கொண்டு வந்து சிமெண்டுத் தரையில் நிற்கும். மற்ற நாளில் அது நின்ற சூட்டிலேயே அரைக்கும் மிஷினுக்குள் போய்விடும். இப்போது பார்மேல் பாராக அடுக்கி, உமியைக் கொட்டி, சாக்கு போர்த்தி வைத்திருந்தார்கள். அம்மோனியா நெடி மழைக்காற்றில் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அன்பழகனும், கூட வேலை செய்யும் வீராம்பட்டினத்து அம்மாவாசையும் வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, குடையைச் சாய்த்துப் பிடித்தபடி சேற்றில் குழலி வந்தாள். ஆபீஸ் சாப்பாட்டு நேரத்தில் அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்றால் நல்ல சேதியாக இராது. அம்மாவாசை டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"அவரு மனை பாத்திருக்காரு இல்லண்ணே, அதுக்கு லோன் கேட்டிருந்தாரு," என்றாள் குழலி. "ரெண்டு பேரு சம்பளமும் காட்டினாதான் வரும்னு என் சீட்டையும் வெச்சாரு. உங்க ஒய்ப் பேர்ல ஏற்கெனவே வீட்டுக்கடன் ஓடுதே சார், உங்களுக்குத் தெரியாதான்னு பேங்க்ல கேட்டிருக்காங்க. பேங்க்காரன் சொல்லித்தான் அவருக்கே தெரியுது."

"நீ சொல்லலியா?"

"கல்யாணம் பேசறப்பவே நீ சொல்லியிருப்பன்னு நெனச்சேன்."

அன்பழகன் மழையைப் பார்த்தான். அவள் சொல்லியிருப்பாள் என்றுதான் அவனும் நினைத்திருந்தான். அப்படி நினைத்தது உண்மையா, நினைத்துக்கொள்ளச் சௌகரியமாக இருந்ததா என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை.

"மாப்ள கோவப்பட்டாரா?"

"அவரு ஒண்ணும் சொல்லல. அத்ததான்." மாமியார் குஞ்சம்மாளைச் சொன்னாள். "கத்தல, திட்டல. மறைச்சிட்டியேம்மான்னு ஒரே வார்த்த. அன்னிலேந்து நா வெச்ச கொழம்ப அவங்க தொடறதில்லண்ணே. தனியா ஒரு சொம்பு ரசம் வெச்சி ஊத்திக்கிறாங்க."

அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. வரப்போகிற தலைப்பொங்கல் சீரைப் பற்றி அன்பழகன் மெதுவாகக் கேட்டான். பேரை எடுத்துவிட்டு அப்புறம் சீர் கொண்டுவரச் சொல் என்று குஞ்சம்மாள் சொல்லியிருக்கிறாளாம். "பொங்கலுக்குள்ள எடுத்துடறேன். ஒரு பேரு அடிக்கிறது என்னா பெரிய வேல?" என்று தங்கையை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினான்.

மறுநாளே நூறடி ரோட்டில் இருந்த கடன் கம்பெனிக்குப் போனான். வசந்தா மேடம் என்று ஒரு அதிகாரி. பொறுமையானவர். கம்ப்யூட்டரில் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு, முகத்தைக் கொஞ்சம் சுருக்கினார்.

"உங்க தங்கச்சி ரெண்டாவது பேரா இருந்திருந்தா பிரச்சினையே இல்ல சார். ஒரு மனு, ஒரு சின்ன கட்டணம், மாத்திக் குடுத்திருப்பேன். இவங்க முதல் பேரு. முதல் பேர எடுக்கணும்னா இந்தக் கடன அடைச்சி முடிச்சிட்டு, உங்க பேர்ல புதுசாத்தான் போடணும்."

"போடுங்க மேடம்."

"அதுக்கான செலவெல்லாம் இருக்கு."

அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அன்பழகன் தலையாட்டிக்கொண்டே வந்தான். பழைய கடனைக் கெடுவுக்கு முன்னால் அடைப்பதற்கு அபராதம். புதுக் கடனுக்குப் பரிசீலனைக் கட்டணம். பத்திரத்தை வக்கீல் மறுபடி பார்க்க ஒரு தொகை, வீட்டை இன்ஜினீயர் வந்து மதிப்புப் போட ஒரு தொகை, பத்திரத்தை மறுபடி அடமானம் பதிய ஒரு தொகை. முதலில் சொன்ன அபராதம் மண்டையில் ஏறியபோதுதான் அவனுக்குத் தலையாட்டல் நின்றது.

"நா எங்க மேடம் அடைக்கிறேன்? என் கையில ஏது அவ்ளோ பணம்? உங்க பணம் இந்த மேசையிலேந்து எழுந்து அந்த மேசைக்குப் போவுது. கட்டடத்த விட்டு வெளியகூடப் போவல. அதுக்கு எனக்கு அபராதமா?"

வசந்தா மேடம் சிரிக்கவில்லை. கம்பெனி விதி அப்படி என்றார். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. வருத்தத்துக்காக எந்தக் கட்டணமும் குறையவில்லை. முன்பு இங்கே இருந்த பையன் எப்படிப் போட்டாலும் ஒன்றுதான் என்று சொன்னதை அன்பழகன் சொன்னான். அந்தப் பையன் இப்போது வேலையில் இல்லை.

ஐஸ் கம்பெனி முதலாளியிடம் முன்பணம் வாங்கிப் பரிசீலனைக்கும் வக்கீலுக்கும் இன்ஜினீயருக்கும் கட்டினான். இன்ஜினீயர் ஒரு காலைப்பொழுதில் வந்து, பூசாத சுவரை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, மாலா கொடுத்த காபியை நின்றபடியே குடித்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் வசந்தா மேடம் கூப்பிட்டனுப்பினார். வவுச்சர் சம்பளத்தை மேலே ஒத்துக்கொள்ளவில்லை, தனி ஆளாக இவருக்கு இந்தக் கடனைத் தாங்க வருமானம் போதாது என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள்.

"கட்டின பணம்?"

"பரிசீலனைக் கட்டணம் திரும்ப வராது சார். பரிசீலிச்சாச்சு இல்ல."

ஐஸ் கம்பெனியில் இதைக் கேட்ட அம்மாவாசைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நம்ம கிட்ட பார் வாங்க வர்றவன், பார உத்துப் பாத்துட்டு வேணாம்னு போனாலும் காசு குடுத்துட்டுப் போவணும்னு நம்ம மொதலாளிக்குத் தோணலியே பாத்தியா," என்றார். அப்புறம், அன்பழகன் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "வெள்ளைக்காரன் இருந்தப்போ எங்கப்பா மனை எழுதினாரு. பத்திரம் பதியற நொத்தேர் எதிர்ல போயி நின்னாரு, ரெண்டு பக்கமும் கையெழுத்து, தீந்துது. வேற ஆளு யாராச்சும் சம்பளச் சீட்டோட இருந்தா சேத்துக்கச் சொல்லுவாங்களாமே. உனக்கு யாரும் இல்லியா?"

"இல்ல," என்றான் அன்பழகன்.

அது பொய். அம்மாவாசைக்கு அது பொய் என்று தெரியாது.

மாலா லாஸ்பேட்டையில் ஒரு அரசுக் கலைக் கல்லூரியில் துப்புரவு வேலை பார்த்தாள். பல வருஷம் தினக்கூலியாக இருந்து, இரண்டு வருஷத்துக்கு முன்புதான் நிரந்தரம் ஆனாள். புதுச் சம்பளக் கமிஷனில் அவள் சம்பளம் அவனுடையதைத் தாண்டிவிட்டது. நிலுவைத் தொகையும் கொஞ்சம் வந்தது. அதை வெளிப்பூச்சுக்கென்று எடுத்து வைத்திருந்தாள். வீட்டுக்குள் இதெல்லாம் சந்தோஷமான சேதிதான். வெளியே யார் கேட்டாலும், காலேஜில் வேலை என்று சொல்லி நிறுத்திக்கொள்வான் அன்பழகன். கல்யாணம் பேசும்போது குஞ்சம்மாளிடமும் அப்படித்தான் சொன்னான். கேட்டவர்கள் ஆபீசில் என்று நினைத்துக்கொண்டார்கள், அவன் திருத்தவில்லை. தினமும் காலையில் டி.வி.எஸ். வண்டியில் கொண்டுபோய் ஏர்போர்ட் ரோட்டு முக்கில் இறக்கிவிடுவான். கல்லூரி வாசல் அங்கிருந்து கொஞ்ச தூரம். ஷிப்ட்டுக்கு நேரமாகிறது என்று வண்டியைத் திருப்பிவிடுவான்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனு திரும்பி வந்த கதையைச் சொன்னான். மாலா அவனுக்குக் காராமணிக் குழம்பை ஊற்றிவிட்டு, கரண்டியைச் சட்டிமேல் குறுக்கே வைத்தாள்.

"எஞ் சீட்டு இருக்குதே," என்றாள்.

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"மொதல்லியே சொல்லலாம்னு இருந்தேன். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"அது வேணாம்னு இல்ல..." என்று இழுத்தான். "குழலி வந்து கையெழுத்துப் போடணும். மாப்ளயும் கூட வருவாரு. அங்க பேரு, வேலன்னு எல்லாத்தயும் உரக்கப் படிப்பாங்க."

"படிக்கட்டுமே. காலேஜ்ல வேலன்னுதான சொன்னீங்க? பொய்யில்லியே. காலேஜ்லதான் கூட்டறேன்."

சிரிப்பது போலத்தான் சொன்னாள். அவள் எழுந்து போய்த் தண்ணீர்ச் சொம்பைக் கொண்டுவந்து வைத்தாள்.

"அந்தப் பொண்ணு அங்க தனிச்சட்டி ரசத்தப் பாத்துகினு உக்காந்திருக்குது. உங்களுக்கு எது பெருசுன்னு நீங்களே பாத்துக்குங்க. எனக்கு நாலு மணிக்கு எழுந்திருக்கணும்."

அன்பழகன் புது மனுவை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தான். மாலாவின் சம்பளச் சீட்டை நாலாக மடித்து அதற்குள் வைத்திருந்தான். வசந்தா மேடம் பிரித்துப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. இது வேறு மனு என்பதால் பரிசீலனைக் கட்டணம் மறுபடியும் கட்ட வேண்டும் என்பதை மட்டும் சொன்னார். வெளிப்பூச்சுக்கு இருந்த பணம் அதிலும் அபராதத்திலும் போயிற்று. மார்கழி பாதியில் கடன் ஒப்புதல் ஆகி, கையெழுத்துக்கு நாள் சொன்னார்கள்.

வேறு சேலை கொண்டுபோய் மாற்றிக்கொண்டு வாயேன் என்று அன்று காலையில் வண்டியில் போகும்போது சொல்லிப் பார்த்தான். காற்றில் காதில் விழவில்லையோ என்னவோ, மாலா வழக்கம்போல முக்கில் இறங்கி நடந்துவிட்டாள். போன உடனேயே பர்மிஷன் போட்டுவிட்டு, கல்லூரியில் கொடுத்த நீலச் சேலையோடேயே கடன் கம்பெனிக்கு வந்து சேர்ந்தாள். கட்டை விரல் ஓரத்தில் பினாயில் வெளுத்த தோல். குழலியும் பாரதியும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அண்ணியைப் பார்த்ததும் குழலி நகர்ந்து பக்கத்தில் இடம் போட்டாள். பாரதி எழுந்து நின்று, "வாங்கக்கா," என்றான். அன்பழகன் எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான்.

பழைய கணக்கை முடிக்கும் தாளில் குழலி கையெழுத்துப் போட்டாள். பிறகு வசந்தா மேடம் புது ஒப்பந்தத்தை எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி நிதானமாகப் படித்தார்.

"முதல் கடன்தாரர், மாலா. தொழில், துப்புரவுப் பணியாளர். ரெண்டாவது கடன்தாரர், அன்பழகன்."

பக்கத்து மேசையில் யாரோ ஸ்டேப்ளர் அடிக்கும் சத்தம் கேட்டது. அன்பழகனுக்குக் காது மடல் சுட்டது.

"நானா மொதல்ல?" என்றாள் மாலா.

"உங்க வருமானம்தாம்மா கூட. அதான்."

மாலா பேனாவை வாங்கியவள், பழக்க தோஷத்தில் குழலியிடம் நீட்டினாள். "நீ தொட்டுக் குடு குழலி. எப்பவும் உங் கை படாம எதுவும்..."

"ஐயோ வேணாம் அண்ணி. என் கைராசிக்கு இன்னொரு தடவ அபராதம் கட்ட உங்களால ஆவாது," என்றாள் குழலி. வசந்தா மேடம்கூடச் சிரித்துவிட்டார். மாலா குனிந்து, பள்ளிப் பிள்ளை போல ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். அடுத்து அன்பழகன் போட்டான்.

நகல் எடுக்க நேரமாயிற்று. பெண்கள் இரண்டு பேரும் உள்ளே இருக்க, பாரதியும் அன்பழகனும் வெளியே படியில் நின்றார்கள். வண்டிகள் இரைந்துகொண்டு போயின. இனிமேலும் பேசாமல் இருந்தால் அசிங்கம் என்று அன்பழகனுக்குப் பட்டது.

"மாப்ள, கல்யாணம் பேசறப்போ நா வந்து... காலேஜ்ல வேலன்னு..."

"தெரியும் மச்சான்," என்றான் பாரதி.

"இப்பப் படிச்சாங்களே, அத..."

"அப்பவே தெரியும். தெனம் அந்த வழியாதான நா டியூட்டிக்குப் போவேன்? நிச்சயம் முடிஞ்ச மறு வாரம் பாத்தேன். காலேஜ் கேட்டுக்கு முன்னாடி கூட்டிகினு இருந்தாங்க. என்னைப் பாத்ததும் முந்தானைய இழுத்து மொகத்த மூடிகினு சுவத்துப் பக்கம் திரும்பிட்டாங்க. மறுநாளும் அப்படியே. வண்டிய நிறுத்தி ஒரு வணக்கம் சொல்லலாம்னு பாத்தேன். அவங்களா மறையறப்போ நாம போயி எதிர்ல நிக்கறது சரியில்லன்னு வேற வழியா போவ ஆரம்பிச்சிட்டேன். சுத்துதான். பரவால்ல."

அன்பழகன் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மாவுக்கும் தெரியும். வேல எதுவா இருந்தா என்னான்னுதான் சொன்னாங்க. கடன் விஷயமும் வெளிய வந்தப்பதான், இவங்க இன்னும் எத்தினி வெச்சிருக்காங்களோன்னு மனசு விட்டுப்போச்சு. இப்ப சரியாயிடும். பொங்கலுக்கு ரெண்டு பேருமா வாங்க. அக்காவ விட்டுட்டுத் தனியா வராதீங்க."

மரியாதையோடுதான் சொன்னான். குஞ்சம்மாள் வீட்டுக்கு இதுவரை போன ஒவ்வொரு முறையும் தனியாகவே போனது அன்பழகனுக்கு வரிசையாக நினைவு வந்தது. இன்னொன்றும் நினைவு வந்தது. நிச்சயம் முடிந்த அன்று ராத்திரி பாயை விரித்துக்கொண்டே மாலாவிடம் சொன்னான்: "மாப்ள அந்த வழியாதான் போவாராம். கொஞ்சம் பாத்துக்க." அவ்வளவுதான் சொன்னான். அவள் உம் என்றாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவள் எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்பதை இப்போது மாப்பிள்ளை சொல்லித் தெரிந்துகொள்கிறான்.

குழலியும் பாரதியும் ஸ்கூட்டரில் புறப்பட்டார்கள். அன்பழகன் மாலாவை வண்டியில் ஏற்றிக்கொண்டான். வழியெல்லாம் அவள் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தாள். பொங்கல் சீருக்குப் புதுப்பானையும் கரும்பும் பெரிய மார்க்கெட்டில் வாங்கலாம், பூச்சு அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், செங்கல் தெரிந்தால் என்ன, வீடு ஒழுகவா போகிறது என்றாள். அவன் உம் கொட்டினான். ஏர்போர்ட் ரோட்டு முக்கு வந்ததும், "நிறுத்துங்க," என்று அவளே இறங்கிவிட்டாள்.

"கேட்டு வரைக்கும் வரேன்," என்றான்.

"எதுக்கு? உங்களுக்கு ஷிப்ட்டு இருக்குதே."

"இன்னிக்கி லீவு சொல்லிட்டேன்."

"அதெல்லாம் வேணாங்க. நடந்தே பழகிப்போச்சு," என்றாள். கோபமில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள். அவன் வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டே அவளுக்குப் பின்னால் நடந்தான். வகுப்பு விட்ட பிள்ளைகள் எதிரே கும்பலாக வந்தார்கள். இரண்டு பெண்கள், "என்னாக்கா, காலைல காணோம்?" என்று அவளிடம் கேட்டுவிட்டுப் போனார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் வாட்ச்மேன் அன்பழகனை நிறுத்தி யார் வேண்டும் என்று கேட்டான். அவன் வாயைத் திறப்பதற்குள், வாட்ச்மேன் ரூமுக்குப் பின்னால் சாத்தியிருந்த நீளத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்த மாலா, "எங்க வூட்டுக்காரருண்ணே. ஐஸ் கம்பெனில வேல," என்றாள்.

"அப்படியா? இத்தினி வருஷத்துல ஒருநாளும் பாத்ததில்லியே," என்றான் வாட்ச்மேன், வேடிக்கையாகத்தான்.

காலையில் கூட்டாமல் விட்டதால் வாசல் முழுக்கத் தூங்குமூஞ்சி மரத்துச் சருகு கிடந்தது. மாலா சுவரோரத்திலிருந்து ஆரம்பித்து, அரைவட்டம் அரைவட்டமாகக் கூட்டிக்கொண்டே வந்து, அவன் நின்ற இடத்துக்கு வந்துவிட்டாள். வண்டிச் சக்கரத்துக்கு அடியில் சருகு இருந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள்.

அவன் தள்ளி நின்றான்.